பழுது

பதிவேட்டின் ஏழாவது கட்டத்துக்குப் பழுது என்று தலைப்பு.
கிழிந்திருந்தால் கி.
நனைந்திருந்தால் ந.
கரையான் என்றால் முழுதாக எழுதிவிடுவேன்,
அதற்கு மட்டும் ஏனோ ஒரு மரியாதை.
கிறுக்கியிருந்தால் கிறு, அபராதம் ஐந்து ரூபாய்.

வாடிப்பட்டிக் கிளை நூலகத்தில்
சிறுவர் அறிவியல் ஒன்றரைத் தட்டு.
மீதி அரையில் சமையல்.
விஞ்ஞானிகள் எல்லோரும் ஒரே ஓவியர் கையில் பிறந்தவர்கள்:
ஒரே தாடி, ஒரே கோட்டு,
பின்னால் குடுவையில் ஒரே பச்சைத் தண்ணீர்.
ஒரு புத்தகத்தில் பெண் ஒருத்தி இருக்கிறாள்.
அவளுக்கும் எவனோ தாடி வைத்துவிட்டான்.
அது கிறு. சந்தேகமே இல்லை.

அன்று திரும்பி வந்தது மோட்டார் புத்தகம்.
தலைப்புப் பக்கம் போன நாளிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.
எடுத்தவர் ஷமீலா பானு, ஏழாம் வகுப்பு.
இருபத்தாறாம் பக்கம், படம் நான்கு:
காந்தம் இரண்டு, நடுவே செவ்வகக் கம்பி,
கம்பியின் இரு கைகளிலும் சிவப்பு அம்பு.
ஓரத்தில் பென்சிலில்,

ரெண்டு அம்பும் ஒரே பக்கம் போகுது.
இது சுத்தாது.
போன கம்பி திரும்பி வந்தாகணும்.

கீழே கையெழுத்து வேறு, இனிஷியலோடு.

ஐந்து ரூபாய் என்றேன்.
“தப்பு புக்குல இருக்கு மேடம்,
ஃபைன் அவங்களுக்குப் போடுங்க.”
எவங்களுக்கு?
பின்னட்டையைத் திருப்பிக் காட்டினாள்:
எழுதியவர், வரைந்தவர், அச்சிட்டவர்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர்களுடைய ரீவைண்டிங் கடை.
அலங்காநல்லூர்க் கரும்புத் தோட்டங்களிலிருந்து
கருகி வந்த மோட்டார்கள் வாசலில் கிடக்கும்.
லீவு நாளில் சுற்று எண்ணுவது அவள் வேலை.
எண்பத்திரண்டு, எண்பத்துமூன்று,
நடுவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
பிரித்து மறுபடி ஒன்றிலிருந்து.
ஒரே ஒரு கட்டு திசை மாறினாலும்
உர்ரென்று உறுமும், நகராது என்றாள்.
அவள் நகத்து மஞ்சளை
இத்தனை நாளும் மருதாணி என்றிருந்தேன். வார்னிஷ்.

நான் பி.ஏ. வரலாறு.
பத்தாவதில் அறிவியலை முப்பத்தேழில் கடந்தவள்.
மதியம், பேப்பர் படிக்கிறவர்கள் பார்த்திருக்க,
இடது கையின் மூன்று விரலை
மூன்று திசையில் நிறுத்திப் பார்த்தேன்.
ஒரு பக்கம் மேலே தள்ளியது.
மறு பக்கமும் மேலேதான்.
கம்பி சுற்றாது.
எம்பிப் பார்த்துவிட்டு அங்கேயே நிற்கும்,
கடன் கேட்க வந்து வாய் வராதவனைப்போல.

பதினோரு வருடம்.
உள்ளட்டைத் தாளில் நாற்பத்துமூன்று முத்திரை.
நாற்பத்துமூன்று பேர் சுற்றாத மோட்டாரைப் பார்த்து முடித்து
தேதி தவறாமல் திருப்பித் தந்திருக்கிறார்கள்.
முதுகு பிரிந்தபோதெல்லாம்
மைதாப் பசை தடவித் தைத்தவள் நான்.
அதே புத்தகம் ஐந்தாம் பக்கத்தில் சொல்கிறது:
புத்தகம் கட்டும் கடையில் வேலைக்கிருந்த பையன் ஒருவன்
கட்ட வந்ததையெல்லாம் வாசித்தானாம்.
நான் தைத்தேன்.

அபராதக் கட்டத்தில் கோடு போட்டேன்.
பழுதுக் கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
கெட்டுப்போனதற்குத்தான் இங்கே எழுத்து இருக்கிறது,
சரியாக்கியதற்கு இல்லை.
பிறகு எழுதினேன்:
பக். 26, படம் 4, அச்சிலிருந்தே.
மார்ச்சில் ஆய்வாளர் வருவார், இது என்னம்மா என்பார்.
இடது கையைக் காட்டவேண்டியதுதான்.

பென்சில் மங்கிவிடும் என்று பேனாவைக் கொடுத்தேன்.
எழுத்தின் மேலேயே எழுதினாள், நாக்கைக் கடித்துக்கொண்டு.
அடுத்து அவள் எடுத்தது ராக்கெட் புத்தகம்.
பையில் புதிதாகச் சீவிய பென்சில் தெரிந்தது,
பார்க்காததுபோல் முத்திரை வைத்தேன்.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.
“மேடம், தேதி நேத்தோடது.”